எங்க நிண்டாலும் வாங்கோ

மன்னார்ப் பாடசாலைகளில் மாணவத் தலைவர்களுக்கென்று நடக்கும் செயலமர்வுகளுக்கு இப்போது என்னைப் பேச வளவாளராக அழைக்கிறார்கள். தலைமைத்துவம், தொடர்பாடல் என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். தேநீர் இடைவேளையில் யாராவது ஓர் ஆசிரியை பக்கத்தில் வந்து, இவ்வளவு கூச்சமில்லாமல் பேச எங்கே படித்தீர்கள் என்று கேட்பார். கொழும்பில் படித்த ஒரு பயிற்சிநெறியின் பெயரைச் சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொள்வேன். அது பொய்யில்லை. ஆனால் கொழும்பைக் கண்ணால் காண்பதற்கு வெகுகாலம் முன்பே, பேசாலையில் எங்கள் வளவுக்கும் சின்னம்மாவின் வளவுக்கும் நடுவில் நின்ற கிடுகு வேலியடியில் என் படிப்புத் தொடங்கிவிட்டது.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. பெருநிலப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர். கடைசி யுத்தத்தில் அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனபோது அவர்களும் போனார்கள். அகதி முகாமில் இருந்து திரும்பி எங்கள் ஊருக்கு வந்தபோது சின்னம்மாவும் பிள்ளைகள் இருவரும் மட்டுமே வந்தார்கள். சித்தப்பாவைக் காணவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. சித்தப்பா எங்கே என்று நாங்கள் கேட்டால், வருவார் என்பார்கள். எங்களுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. கடலுக்குப் போன அப்பாவைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும், அவர் வந்துவிடுவார்தானே.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரோடொருவர் கதையாமல் விட்டார்கள். மாதா கோயிலில் கேட்ட ஏதோ ஒரு பூசையால் வந்த கோபம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா அந்தப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாராம். சின்னம்மா போய் அதை நிறுத்திவிட்டாராம். பூசைக்காகவும் ஒரு வீட்டில் சண்டை பிடிப்பார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே கேட்டால் பெரியாக்களின் கதைக்குள் வராதே என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே என்னைத்தான் அந்தக் கதைக்குள் அனுப்புவார்கள்.

ஏனென்றால் கோபம் வந்தாலும் கிணறு ஒன்றுதான். ஆட்டுக்கும் கோழிக்கும் கோபம் கிடையாது. ஒருநாள் அம்மா சமையல் செய்துகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"உன்ர சின்னம்மாட்டப் போய்ச் சொல்லு, அவவின்ர ஆடு எங்கட முருங்கையை மொட்டையாக்கிப் போட்டுதெண்டு. கட்டி வளக்கத் தெரியாட்டி ஆடு எதுக்கெண்டு கேள்."

வேலியடிக்குப் போவதற்குள் அந்தச் செய்தியை நான் நன்றாக அலசிப் பிழிந்துவிடுவேன். "சின்னம்மா, ஆடு முருங்கைப் பக்கம் வந்திட்டு. பிடிச்சுக் கட்டட்டாம்." அங்கிருந்து வரும் பதிலும் இலேசுப்பட்டதாக இராது. அது எங்கட அக்காவின்ர முருங்கை எண்டு ஆட்டுக்குத் தெரியுமோ, வேலியை ஒழுங்கா அடைக்கச் சொல்லு என்பார். நான் திரும்பி வந்து, வேலி கொஞ்சம் பிரிஞ்சு கிடக்காம் அம்மா என்பேன். அப்பா பின்னேரம் வேலியை அடைப்பார். ஆடு கட்டையில் நிற்கும். ஊரில் ஒரு யுத்தம் நடக்காமல் போனது யாருக்கும் தெரியாது.

இந்தத் தொழிலில் நான் சீக்கிரமே சில நுணுக்கங்களைக் கண்டுபிடித்தேன். சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டினால் என்றாவது பிடிபட்டுவிடுவேன். குறைத்தால் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். சின்னம்மாவிடம் காலையில் எதையும் சொல்லக்கூடாது. அவருக்குத் தேத்தண்ணி குடித்த பிறகுதான் காது கேட்கும். அம்மாவுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறாய் என்பார். பாடசாலைக்குப் போகும்போது என் தம்பியையும் சின்னம்மாவின் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போவதும் என் பொறுப்பாகவே இருந்தது. பெரியவன் தம்பியின் வகுப்பு. சின்னவள் பக்கத்திலுள்ள பாலர் பாடசாலை. முன்னால் நடந்தால் பின்னால் ஒன்று நாய்க்குட்டியோடு நின்றுவிடும். ஆகவே நான் எப்போதும் கடைசியில்தான் நடப்பேன். வீட்டின் ஆட்சி என் கையில் இருப்பதாக அந்தக் காலத்தில் எனக்கொரு நினைப்பு. அந்த நினைப்பு முழுப் பிழை என்றும் சொல்வதற்கில்லை.

அந்த வருடம் ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனோம். அப்பா வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் நின்றார். திருநாளன்று காலை வருவதாக ஏற்பாடு. அம்மாவும் சின்னம்மாவும் நாங்கள் நால்வரும் ஊர்ச் சனத்தோடு லொறியில் ஏறினோம். மாதாவிடம் போவதற்குக் கோபம் ஒரு தடையில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் தங்குவதிலும் தடையில்லை. கதைப்பதில்தான் தடை. காட்டுக்குள் ஒரு பாலை மரத்தடியில் நீலத் தறப்பாளைக் கட்டினார்கள். அம்மாவின் பாய் ஒரு கரையில், சின்னம்மாவின் பாய் மற்றக் கரையில், நடுவில் நான். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு அம்மா என்னிடம், உப்புக் கொண்டு வந்தவவோ எண்டு கேள் என்பார். சின்னம்மா என்னிடம், ஓம் எண்டு சொல்லு என்பார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, ஓமாம் என்பேன். பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடமையில் இருப்பவர்கள் சிரிப்பதில்லை.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், வேஸ்பர் என்ற மாலை ஆராதனைக்கு முன்னர் சின்னதுகளைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. அம்மா மாலை கட்டக் கோயிலடிக்குப் போய்விட்டார். சின்னம்மா விறகு பொறுக்கப் போயிருந்தார். நான் மூன்று பேரையும் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வார்த்து, தலை துடைத்து, சட்டை மாற்றினேன். எல்லாம் முடித்துத் திரும்பும்போது வந்த பாதையைக் காணவில்லை. பாதை இருந்தது, அதன் மேல் சனம் நிறைந்திருந்தது. பஸ்களிலும் லொறிகளிலும் வந்து இறங்கிய கூட்டம் முழுவதும் கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில் எதிர்ப்பக்கமாக நடக்க எங்களால் முடியவில்லை. ஒதுங்கி ஒதுங்கிக் காட்டுப் பக்கம் போனபோது எங்கு பார்த்தாலும் பாலை மரம், எங்கு பார்த்தாலும் நீலத் தறப்பாள். எங்கள் தறப்பாள் என்று நினைத்து ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு தாத்தா சவரம் செய்துகொண்டிருந்தார்.

அவ்விடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிங்களச் சனம். நீர்கொழும்புப் பக்கத்தில் இருந்து வந்தவர்களாக இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கு மட்டுமே காணும். ஓர் அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பணிஸ் தின்னத் தந்தார். நான் "அம்மா" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டினேன். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி மரத்துக்கு மேலே காட்டினார். அங்கே ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒருவர் கரகரத்த குரலில், யாரோ தொலைத்த பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே போகவேண்டும். அது விளங்கிவிட்டது. எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. அப்போதுதான் ஒலிபெருக்கியில் இருந்து அடுத்த மரத்துக்கும் அங்கிருந்து அதற்கடுத்த மரத்துக்கும் ஓடிய கறுப்பு வயரைக் கண்டேன். வயரின் ஏதோ ஒரு நுனியில் அந்த மனிதர் இருந்தாக வேண்டும் அல்லவா?

சின்னவள் அழத் தொடங்கியிருந்தாள். அவள் அழுதால் பெரியவனும் அழுவான். அவனைப் பார்த்துத் தம்பி அழுவான். மூன்றும் அழுதால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே சொல்ல முடியாது. நான் குனிந்து, குளிக்கக் கொண்டுபோன சவர்க்காரப் பெட்டியை அவள் கையில் வைத்தேன். "இது துலைஞ்சா அம்மா அடிப்பா. நீதான் பாத்துக்கொள்ள வேணும்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அழ நேரமிருக்கவில்லை. பெரியவனிடம், நீ மேலே பார்த்துக்கொண்டு வா, வயர் எந்தப் பக்கம் திரும்புகிறதென்று நீதான் சொல்லவேண்டும் என்றேன். மேலே பார்த்து நடப்பவன் விழாமல் அவன் கையைப் பிடித்துக்கொள்வது தம்பியின் வேலை. நான் வழக்கம்போல் கடைசியில்.

"அக்கா, இஞ்சால திரும்புது!" என்று பெரியவன் கத்துவான். நாங்கள் திரும்புவோம். அப்படிப் பெருமையாக நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வீரை மரத்தில் கடைசி ஒலிபெருக்கி கட்டியிருந்தது. வயர் அங்கே முடிந்துவிட்டது. மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் என் முகத்தை வாசித்துக்கொண்டு நின்றார்கள். அதில் பயத்தைக் காட்டினால் எல்லாம் முடிந்தது. "சரி, இந்த நுனி இல்லையெண்டால் மற்ற நுனிதான்" என்றேன், முதலிலேயே தெரிந்திருந்தது போல. வந்த வழியே திரும்பினோம். பணிஸ் தந்த அம்மாவைக் கடந்தபோது அவர் கையசைத்தார். நாங்களும் கையசைத்தோம்.

மற்ற நுனி கோயில் முற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் போய் முடிந்தது. உள்ளே மேசை, கதிரை, மைக். தோளில் துவாய் போட்ட ஓர் ஐயா சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பழக்கத்தில், "அழாதேங்கோ, அழாதேங்கோ" என்றார். பிறகு ஒருவரும் அழவில்லை என்பதைக் கவனித்துக் கோப்பையை வைத்தார்.

அம்மாவின் கைத்தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடம். ஐயா தன் போனில் அழுத்திப் பார்த்தார். அவ்வளவு சனத்துக்குள் போன் வேலை செய்யவில்லை. பிறகு மைக்கை எடுத்துப் பேசாலையைச் சேர்ந்த சிறுவர்கள் நால்வர் அறிவித்தல் கொட்டகையில் இருப்பதாகவும் பெற்றோர் உடனடியாக வருமாறும் சொன்னார். ஒருவரும் வரவில்லை. மீண்டும் சொன்னார். கொட்டகைக்கு வெளியே மணலில் இருந்த சனம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் இருந்து அந்தக் கரகரத்த குரல் ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்ததால், அது அவர்களுக்கு மரத்தில் கத்தும் பூச்சியின் சத்தமாகிவிட்டது. எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அம்மா நாங்கள் சின்னம்மாவோடு நிற்கிறோம் என்று நினைப்பார். சின்னம்மா நாங்கள் அம்மாவோடு நிற்கிறோம் என்று நினைப்பார். ஒருவரிடம் ஒருவர் கேட்க மாட்டார்கள். கேட்டுச் சொல்லுகிற ஆள் இங்கே நிற்கிறாள்.

"ஐயா, நான் சொல்லட்டே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடிவாச் சொல்லுவியோ?"

"ஓம். வீட்டில நான்தான் எல்லாம் சொல்லுறனான்."

அவர் எழும்பிக் கதிரையைத் தந்தார். மைக்கை என் வாய்க்கு நேரே பதித்து, ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் சரியாய்ச் சொல்லவேண்டும், சுருக்கமாய்ச் சொல்லவேண்டும் என்றார். நான் சனத்துக்குச் சொல்லவில்லை. வேலியடியில் நின்று சொல்வது போலவே சொன்னேன்.

"அம்மா, இது நான்தான். நாங்கள் உங்களோட இல்லை, சின்னம்மாவோடயும் இல்லை. சின்னம்மா, இது உங்களுக்கும்தான். அறிவித்தல் சொல்லுற கொட்டிலில நிக்கிறம். நாலு பேரும் குளிச்சிட்டம், பணிசும் திண்டிட்டம். பயப்பிடாமல் வாங்கோ." பிறகு ஊரையும், அம்மா அப்பாவின் பெயர்களையும், சின்னம்மாவின் பெயரையும் சொன்னேன்.

வெளியே சிலர் சிரித்தார்கள். தலைகள் கொட்டகையின் பக்கம் திரும்பின. நல்ல ஆரம்பம் என்று எனக்குப் பட்டது. ஐயா குனிந்து, மற்ற இரண்டு பிள்ளைகளின் தகப்பன் பெயரையும் சொல்லு என்று மெதுவாகச் சொன்னார். நான் சித்தப்பாவின் முழுப் பெயரையும் சொன்னேன். சொன்ன பிறகு, பெயரை மட்டும் சொல்லிவிட்டு விடுவது மரியாதையில்லை என்று தோன்றியது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் செய்தி சொல்லியாயிற்று. அவருக்கு ஒன்றுமே சொல்லவில்லையே.

"சித்தப்பா, நீங்கள் எங்க நிண்டாலும் வாங்கோ. உங்கட பிள்ளையள் ரெண்டு பேரும் என்னோடதான் நிக்கினம். மகன் நல்லா வளந்திட்டான். சின்னவள் சவர்க்காரப் பெட்டியைத் துலைக்கேல்ல. சின்னம்மா விறகு பொறுக்கப் போனவ, இப்ப வந்திடுவா. நீங்கள் வரும்வரைக்கும் நாங்கள் இதிலதான் நிப்பம். எங்கயும் போகமாட்டம்."

மைக்கை வாங்குவதற்கு நீண்ட ஐயாவின் கை பாதியில் நின்றுவிட்டது. முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. மணலில் இருந்த பெண் ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொருவர் எழுந்து வந்து கொட்டகை வாசலில் நின்றார். பிறகு இன்னும் சில பெண்கள். எங்களுக்கு ஓர் உறவும் இல்லாதவர்கள். ஒருவர் பெரியவனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஐயா மைக்கை எடுத்தார். துவாயால் முகத்தைத் துடைத்தார். பாவம், நாள் முழுக்கக் கத்தியும் அவரால் ஒரு தலையைத் திருப்ப முடியவில்லை, நான் வந்து ஒருமுறை சொன்னதும் காடே காது கொடுக்கிறது, மனவருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

சின்னம்மாதான் முதலில் வந்தார். செருப்பில்லை, கொண்டை அவிழ்ந்து கிடந்தது, சேலையில் விறகுத் தூசி. சனத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தவர் உடனே பிள்ளைகளைத் தூக்கவில்லை. சுற்றிவர நின்ற ஆம்பிளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொட்டகைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். எங்களுக்கு உதவி செய்தவருக்கு நன்றி சொல்லத் தேடுகிறார் என்று நினைத்து நான் ஐயாவைக் கைகாட்டினேன். அதன் பிறகுதான் அவர் மணலில் முழங்காலில் இருந்து பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அம்மா வரும்போது கையில் பாதி கட்டிய மாலை அப்படியே இருந்தது. என்னையும் தம்பியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் செய்தி கொண்டுபோகத் தயாராக நடுவில் போய் நின்றேன்.

"உன்னோட நிக்குதுகள் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அம்மா. நேராகச் சின்னம்மாவிடம்.

"நான் உங்களோட எண்டு நினைச்சன், அக்கா."

அவ்வளவுதான். அம்மா என்னைக் கடந்து போய்ச் சின்னம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கினார். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். அவிழ்ந்த கொண்டையைத் தானே முடிந்துவிட்டார். என் உத்தியோகம் அந்த இடத்திலேயே போய்விட்டது. எனக்குக் கவலை இல்லை. இரண்டு வளவையும் ஒரே நாளில், அதுவும் மைக்கில், சேர்த்துவைத்த பெருமை எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பெருமை இன்றைக்கும் என்னிடம் குறையவில்லை.

அவர்களின் சண்டைக்குக் காரணமான பூசை எது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இனியாவது தங்கையின் மனம் ஆறட்டும் என்று, சித்தப்பாவின் ஆத்தும இளைப்பாற்றிக்கென்று அம்மா கேட்ட பூசை அது. உயிரோடு இருக்கிற மனிசனுக்கு எப்படி அந்தப் பூசை கேட்பீர்கள் என்று சின்னம்மா கேட்டிருக்கிறார். மடுவால் திரும்பிய பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் மற்றப் பெண்களோடு சின்னம்மா சித்தப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கப் போகும் நாட்களில், அவரோடு அம்மாவும் போய் நிற்கத் தொடங்கினார். இப்போதும் போகிறார்கள்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு இதொன்றும் தெரியாது. வேஸ்பருக்கு மணி அடித்தது. நாங்கள் தறப்பாளுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். சனம் விலகி வழிவிட்டது. இந்தப் பிள்ளைதான் சொன்னது என்று யாரோ என்னைக் காட்டினார்கள். நான் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். அன்றைக்கு மட்டும் நான் கடைசியில் நடக்கவில்லை. சின்னவளை இடுப்பில் வைத்திருந்த சின்னம்மா என்னைத் தனக்குப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"சித்தப்பாவை ஏன் கூப்பிட்டனி?" என்று கேட்டார்.

பிழை செய்துவிட்டேனோ என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். "எல்லாரும் மடுவுக்கு வருவினம்தானே, சின்னம்மா. அவரும் வந்திருந்தால் கேக்கட்டும் எண்டுதான்" என்றேன்.

சின்னம்மா சின்னவளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "என்ன சொன்னனி எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லு" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கில் சொன்னது போலவே ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சின்னம்மா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். சொன்னேன். பாலை மரங்களுக்கு நடுவே, தறப்பாளுக்குப் போய்ச் சேரும்வரை, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். என்னுடைய குரல் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பலமாகச் சொன்னேன்.